கணக்கில் சேராத புகை

1
இந்தக் கதை ஒரு பாராட்டிலிருந்து வந்தது. இரண்டாயிரத்து எட்டில், புளத்கொகுபிட்டியவுக்கு மேலேயுள்ள எங்கள் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்தை ஒருவர் நல்ல கட்டடம் என்றார். அதிலிருந்து எழுதுகிறேன். பால்வெட்டு முடிந்து வந்துதான் எழுத முடியும். எழுத்தும் எனக்குப் பிந்தித்தான் வந்தது. ஒரு வரிக்கு நேரமெடுக்கும்.

2
முதல் தொடக்கம்: "மலையை மூடிய பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு ஜீப்..."

வேண்டாம். ஜீப் வரவில்லை. அப்படிப் பாராட்டிய நிலாம் பஸ்ஸில் வந்து, மேட்டில் மூச்சு வாங்க ஏறினார். கட்டடங்களிலிருந்து கிளம்பும் காபனைக் குறைக்க அரசாங்கம் ஒரு கொள்கை எழுதுகிறதாம். எந்தக் கட்டடம் எவ்வளவு எரிக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை.

லயத்து வரிசையில் முத்துவீரனின் காம்பராவுக்குள் குனிந்து நுழைந்து, ஃபேன் உண்டா, ஏசி உண்டா என்று கேட்டார். கரண்டே வராத லயம். பிரிட்ஜ் என்றதும் முத்துவீரனின் மனைவி கிருஷ்ணகுமாரி அடுப்படியிலிருந்து, "சோறு மிஞ்சினாத்தானே தம்பி அதெல்லாம்" என்றாள். சிரித்தவள் இருமத் தொடங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

3
அந்த இருமல் ஒரு

(உவமை வேண்டாம். இருமுகிறவள் என் மனைவி. முத்துவீரன் நான்தான், வேறு ஆளாக எழுதினால் கோபம் அடங்கும் என்று பார்த்தேன்.)

அடுப்படிக்கு ஜன்னல் இல்லை. எரிப்பது ரப்பர் விறகு. இந்தப் புகையிலேயே இருந்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் கிருஷ்ணகுமாரி கேட்டாள்: கொள்கையில் எங்களுக்கு ஒரு புகைக்கூண்டாவது வருமா?

நிலாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வராது அக்கா. இங்க குறைக்க ஒண்டுமில்லயே. நல்ல கட்டடம் இது. காசு கொழும்புக் கட்டடங்களுக்குத்தான் போகும்."

"அப்ப இந்தப் பொகை?"

"வெறகுப் பொக கணக்குல சேராது. வெட்டின மரம் திரும்ப மொளைக்குந்தானே."

"மரம் மொளைக்கும். நெஞ்சு?"

(நிலாமைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. வாசல் இஸ்தோப்பில் செருப்பை மாட்டிக்கொண்டார். கொள்கையை எழுதுவது தன் கையில் இல்லை என்றார்.)

4
முடிவுகள்.

கொள்கையைத் திருத்தி, லயத்துக்கெல்லாம் புகைக்கூண்டு வைக்கிறார்கள். பொய். அடித்துவிட்டேன்.

கிருஷ்ணகுமாரியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவரும்போது... இதை எழுதமாட்டேன்.

முத்துவீரன் குழி தோண்டும் அலவாங்கை எடுத்து அடுப்படிச் சுவரில் ஓட்டை போடுகிறான். போடலாம். ஆனால் சுவர் கம்பனியுடையது. கேட்டதற்குத் தோட்டத்துத் தொரை முடியாதென்று அனுப்பிவிட்டார். உடைத்தால் வேலை போகும், வேலையோடு காம்பராவும் போகும். பிறகு அவளை எங்கே படுக்கவைப்பான்?

கொழும்பிலும் யாரோ இதே காம்பராவைப் பற்றித்தான் கொள்கையில் எழுதினார்கள். அவர்களுக்கு அது 'நல்ல கட்டடம்' என்று முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை.

வாசிக்கிறவரே, உடைக்கவா வேண்டாமா என்று நீங்கள் அவனுக்குச் சொல்லுங்கள். உள்ளே அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். இன்றைக்கு விறகு ஈரம்.