ஒரு குழி கைமாத்து

விடிந்ததிலிருந்து அடிவயிறு பிசைந்துகொண்டிருந்தது. வேறு காலமாக இருந்தால், ராத்திரி தின்ற களி சேரவில்லை என்று விட்டிருப்பேன். அது நாற்பத்து நாலாம் வருஷம் பங்குனி. செஞ்சியில் எங்கள் தெருவில் மட்டும் பத்து நாளில் நாலு பேரை வாந்திபேதி கொண்டுபோயிருந்தது. வயிறு ஒருதரம் இரைந்தால் கை கால் சில்லிட்டுப் போகும். கொல்லைக்கு ஓடுவேன், ஒன்றும் இருக்காது. வந்து உட்காருவேன், மறுபடியும் பிசையும்.

கோயில் உபதேசியார் தோமினிக் தெருவில் நின்றபடியே கூப்பிட்டார். அந்த நாட்களில் யாரும் யார் வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை. ராயம்மாள் பேதியில் விடியற்காலையில் செத்துவிட்டாள் என்றார். குழி இந்தத் தடவை உங்கள் வீட்டு முறை என்றார்.

எங்கள் தெருவில் கிறிஸ்தவர் வீட்டில் சாவு விழுந்தால், அந்த வீடுகளின் வரிசைப்படி ஒரு வீட்டு ஆம்பளை போய்க் குழி வெட்ட வேண்டும். கூலி கிடையாது. யாரும் அதுவரை முறை தப்பியதில்லை.

ராயம்மாள் புருஷனை இழந்தவள், நெல் குத்திப் பிழைத்தவள். அதற்கு முந்தின வாரம் என் பெண்சாதி ஆரோக்கியத்துக்குப் பேதி கண்டபோது நான் வாசலில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே போனவள் ராயம்மாள். மூன்று நாள் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியைக் கரண்டி கரண்டியாக ஊற்றினாள், பீத்துணி அலசினாள். கஞ்சிக்கு அரிசி கேட்டாள். ரேஷனில் வந்தது தீர்ந்துபோச்சு என்றேன். அவள் போய், காதில் கிடந்த தோட்டை விற்று நொய் வாங்கி வந்தாள்.

அப்போது என் வீட்டுப் பரணில், வைக்கோலுக்கு அடியில், இரண்டு மூட்டை அரிசி இருந்தது. அனந்தபுரத்துக்குப் போய் இரட்டை விலைக்கு வாங்கி வந்தது. யுத்தகாலத்தில் அரிசி பதுக்கியது தெரிந்தால் ஜப்தி செய்வார்கள் என்று பயம். அதைவிடப் பெரிய பயம் பட்டினி. எட்டு வயசிலிருந்து கல்லுடைத்தவன் நான். ரோட்டு வேலைக்கு ஜல்லி அனுப்புகிற மேஸ்திரியான பிறகும் பசி என்றால் எனக்கு நடுக்கம்தான்.

ஆரோக்கியம் பாயிலிருந்து தலையைத் தூக்கினாள். "நீங்க போலன்னா நான் போறேன்" என்றாள். அவளால் எழுந்து உட்காரவும் முடியாது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் எதிர்வீட்டுத் தனகோட்டியிடம் போனேன்.

தனகோட்டி எங்கள் வேதம் இல்லை. ஆனால் சின்ன வயசில் இரண்டு பேரும் ஒரே பாறையில் உளி பிடித்தவர்கள். எனக்கு வயிற்று நோவு, என் முறைக்கு நீ போய் வெட்டு, இரண்டு படி அரிசி தருகிறேன் என்றேன். அரிசி என்றதும் என் மூஞ்சியை ஒருதரம் பார்த்தான். கடப்பாறையை எடுத்துக்கொண்டான்.

கல்லறை எங்கள் செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலையடியில் இருந்தது. நான் ஐம்பது அடி தள்ளி ஒரு பாறை மறைவில், துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்றேன். முழங்கால் ஆழத்தில் கடப்பாறை கணீரென்றது.

"மேஸ்திரி, பாறை தட்டுது. ஒரு கை புடி."

வயிறு நோகிறது என்றேன்.

"உனக்கு வவுறு, எனக்கு இன்னா, உரலா?" என்று சிரித்துவிட்டு அவனே நெம்பினான்.

மண்ணுக்குள்ளிருந்து அந்த நோய் எழுந்து வரும் என்று எனக்கு எண்ணம். இரண்டு அடி முன்னால் வைப்பேன், பின்னால் வந்துவிடுவேன். வெயில் உச்சிக்கு ஏறியபோது மூன்று பேர் ராயம்மாளைப் பாயில் சுருட்டித் தூக்கி வந்தார்கள். இறக்க நாலாவது ஆள் இல்லை. தனகோட்டிதான் கால்பக்கம் பிடித்தான். என் பெண்சாதியைப் பிழைக்கவைத்தவளுக்கு நான் ஒரு பிடி மண்கூடப் போடவில்லை.

கல்குட்டையில் குளித்துவிட்டு அவன் வந்தபோது அரிசிப் பையை நீட்டினேன். வாங்கவில்லை.

"நான் கூலிக்கு வெட்டல, செல்வம். ஒடம்பு ஆவாதவனுக்குக் கை குடுத்தேன். இது கைமாத்து. எங்க ஊட்லயும் பொதைக்கிறதுதான். ஒண்ணு உழுந்தா நீ வந்து வெட்டு. ஆள் அனுப்பாத."

மேஸ்திரியானதிலிருந்து அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பை என் கையிலேயே கனத்தது.

சின்ன வயசில் ஞானோபதேசத்தில் ஏழு தர்மக்கிரியைகளை விரல்விட்டு ஒப்பித்திருக்கிறோம். பசித்தவனுக்குச் சோறு போடுவதில் ஆரம்பித்து, ஏழாவது செத்தவர்களை அடக்கம் செய்வது. கையில் காசு ஓட்டம் உள்ளவன் எல்லாவற்றையும் ஆள் வைத்துச் செய்துவிடலாம் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

மூன்றாம் நாள் தனகோட்டியின் பெண்சாதி கமலாம்பாளுக்குப் பேதி கண்டது. எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. குழிதான் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தக் குழிக்குள் இடுப்பளவு நான் நிற்பது தெரிந்தது. இவள் சாகக் கூடாது. சாகவிடக் கூடாது.

பரண்மேல் ஏறி மூட்டையைக் கீழே தள்ளினேன். ஆரோக்கியம் சுவரைப் பிடித்து எழுந்து, எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணி என்று ராயம்மாள் செய்ததைச் சொன்னாள். கஞ்சிச் சட்டியோடு எதிர்வீட்டுக்குள் நுழைந்தேன். உள்ளே நாற்றம். கமலாம்பாளின் கண் குழிக்குள் போயிருந்தது. முதல் கரண்டியில் பாதிக் கஞ்சி அவள் கழுத்தில் கொட்டியது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினேன். நாலு நாள் ஊற்றினேன். துணியும் அலசினேன். ஐந்தாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

அரிசி இருப்பது தெருவுக்குத் தெரிந்துபோயிற்று. சட்டியோடு வந்தார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. வர முடியாத வீட்டுக்கு நானே எடுத்துப் போனேன். உயிர்த்த ஞாயிற்றுக்குள் இரண்டு மூட்டையும் தீர்ந்தது. ஜப்திக்கு யாரும் வரவில்லை. சாமியார் பூசையில், நம் தெருவில் ஒருவர் தன்னைப் பாராமல் பிறருக்கு உழைத்தார் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ராயம்மாள் தோட்டை விற்றாள். நான் குழிக்குப் பயந்து மூட்டையை அவிழ்த்தேன். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும்.

தனகோட்டிக்கும் தெரிந்திருந்தது. "குழி வெட்டப் பயந்துக்கினு இத்தினி வேலை பண்ணவன் உலகத்துல நீ ஒருத்தன்தான்" என்றான். இளைத்துக் கிடந்த கமலாம்பாளும் சிரித்தாள்.

அப்படியானால் கைமாத்து கழிந்ததா என்று கேட்டேன்.

"கஞ்சி வேற, குழி வேற" என்றான்.

மூன்று வருஷம் ஆகிறது. அந்த வீட்டில் இதுவரை சாவு விழவில்லை. காலையில் எழுந்ததும் எதிர்க் கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். தனகோட்டி இருமினால் சட்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். கடப்பாறையைத் துரு ஏறவிடாமல் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். அந்த நாள் வந்தால் ஐம்பது அடி தள்ளி நிற்பேனா, குழிக்குள் இறங்குவேனா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

தனகோட்டி வீட்டுக்கு நான் ஒரு குழி பாக்கி.