ஏழாவது விதி

அந்த இலவச மென்பொருளைப் பல நாடுகளிலிருந்து முப்பது பேர் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதி வந்தார்கள். ஒருவரோடொருவர் எப்படிப் பேச வேண்டும் என்று அவர்களுக்கு நடத்தை விதிகளை எழுதிக் கொடுத்தவர் அவர்களில் ஒருவர்தான். இப்போது அவர் மீதே புகார்.

தப்பு அவருடையதுதான். குழுவில் ஒரு பெண் மென்பொருளுக்கு அனுப்பிய திருத்தத்தின் கீழே, "இதைப் படித்தாலே தலை வலிக்கிறது" என்று எல்லோரும் பார்க்க எழுதிவிட்டார். மூன்று வருடமாகத் தினமும் காலையில் "சாப்டீங்களா?" என்று அவரைக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

மன்னிப்புக் கடிதம் தயார். ஆனால் அனுப்ப முடியாது. விசாரணை முடியும்வரை புகார் கொடுத்தவருக்கு ஒரு வரிகூட எழுதக் கூடாது என்கிறது ஏழாவது விதி.

போனில் அக்கா சிரித்தாள். "சொந்த செலவுல சூனியம் வெச்சுக்கிட்டியாடா? நீ போட்ட விதிதானே, ஒரு தடவை மீறினா யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்கக்கா. அதான் கஷ்டமா இருக்கு."

விசாரணைக் குழு அனுப்பிய புகாரை மறுபடி படித்தார். கடைசி வரி இப்படி இருந்தது: "அவரிடமே சொல்லப் பயம். ஏழாவது விதி இருக்கும் தைரியத்தில்தான் எழுதுகிறேன்."

மன்னிப்புக் கடிதத்தை அழித்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பழக்க தோஷத்தில் அரட்டைப் பக்கத்தைத் திறந்தார். அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அது அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்துபோய்த் தன் ஒற்றைத் தட்டைக் கழுவினார்.