மச்சானின் இரண்டு தட்டு

மல்யுத்த மேடையின் மேல்கயிற்றிலிருந்து குதித்த சாம்பியன் பருந்து தரைக்கு வந்து சேர ஏழு வருஷம், நாலு மாசம், ஒன்பது நாள் ஆனது. அதற்கு முன்னாலும் சாம்பியன் தாமதமாகத்தான் இறங்குவார். முதல் ஆட்டத்தில் ஆறு வினாடி அந்தரத்தில் நின்றார். பதினெட்டாவது வருஷம் நாலு நிமிஷம். வாயைப் பிளந்து பார்த்த ஜனம் பிறகு பழகிப்போய், அந்த இடைவெளியில் டீ குடிக்க எழுந்து போனது.

தாமதத்துக்குக் காரணம் மச்சான்தான், பருந்தின் பெண்டாட்டிக்கு அண்ணன். யார் ஜெயிப்பது என்று முதலாளி முந்தின நாளே சொல்லிவிடுகிற மல்யுத்தம் அது. மச்சான் பதினெட்டு வருஷமும் தோற்றார். பார்க்கிறவர்களுக்கு அவர் அடி வாங்குகிற ஆள். ஆனால் பாதி வேலை அவருடையது: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, விழுகிறவருக்கு எலும்பு நொறுங்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். தயாரானதும் இடது உள்ளங்கையால் விரிப்பை இரண்டு தட்டு தட்டுவார். அது காதில் விழுந்தால்தான் பருந்துக்கு உடம்பு கனக்கும். மச்சானின் முழங்கால் தேயத் தேய, தட்டுவதற்கு நேரம் கூடிக்கொண்டே போனது. விழுந்ததும் பருந்து காதோரம், "மச்சான், அடி பட்டுடுச்சா?" என்பார். "இல்ல மாப்ள, அசையாம கிட" என்பார் மச்சான். மச்சானின் தோள் விரிப்பை விட்டு எழாததால் நடுவர் மூன்று எண்ணி முடிப்பார், பருந்து ஜெயித்துவிடுவார். தங்கை கல்யாணத்தன்றே சொல்லியிருந்தாள்: "அவர் எங்கிருந்து வேணா குதிக்கட்டும். கீழ நீ இருக்கணும்ண்ணா."

மச்சானின் கடைசி ஆட்டத்திலாவது அவரே ஜெயிக்கட்டும் என்றார் முதலாளி. குதிக்கும்போது உருண்டு விலகினால் போதும். பருந்துக்கும் அதில் ஏக சந்தோஷம். வெறும் தரைதானே, பார்த்துக்கொள்ளலாம் என்றார். தட்டு என்னாவது என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூச்சு போலக் கூடவே வருவதை யார்தான் யோசிப்பார்கள்! பருந்து குதித்தார், மச்சான் உருண்டார், தட்டு விழவில்லை. பருந்து பொறுமையாகக் காத்திருந்தார், கூரை ஜன்னல் வழியாக வெளியே மிதந்து போகும்வரை காத்திருந்தார். மேடையை விட்டு வெளியேறியவருக்கு நடுவர் முறைப்படி பத்து எண்ணி, சாம்பியன் பட்டத்துக்கான பெல்ட்டை மச்சான் இடுப்பில் கட்டினார். தங்கை பெல்ட்டைப் பார்த்தாள். "கீழ நீ இல்லையாண்ணா?" என்று மட்டும் கேட்டாள். மச்சான் கூனிக்குறுகிப் போனார்.

மறுநாளே பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டு மேடையில் படுத்து, இரண்டு தட்டு தட்டினார். தினமும் தட்டினார். அரங்கம் நாற்காலிக் கிடங்காக மாறியது. மச்சான் எழுந்திருக்க மாட்டேன் என்றதால் மேடையை மட்டும் விட்டுவைத்தார்கள். கூரை ஜன்னலை மூடவும் விடவில்லை, மழை நேராக அவர் மேலேயே பெய்தது. படுத்தே பட்டத்தைக் காப்பாற்றுகிற சாம்பியன் என்று சுமை தூக்குகிறவர்கள் கிண்டலடித்தார்கள். தங்கை மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்து, அவர் சாப்பிடும்வரை மேலேயே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று மச்சான் ஏங்கினார். ஒரு விமானி, மேகத்துக்கு மேலே ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதாகச் சொன்னார். சத்தம் அவ்வளவு உயரம் போய்ச் சேர நாளாகத்தானே செய்யும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாற்காலிகள் மேல் நிழல் விழுந்தது. மச்சான் முழங்காலை மடக்கினார். பருந்து, குதித்த அன்றைய வேர்வை காயாமல், அன்றைய வயசோடு வந்து விழுந்தார். மச்சானின் விலா எலும்பு இரண்டு முறிந்தது.

"மச்சான், அடி பட்டுடுச்சா?"

"இல்ல மாப்ள, அசையாம கிட."

நடுவர் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருந்தார். தங்கை சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு மேடை ஏறி, முட்டி போட்டு, விரிப்பை அடித்து எண்ணினாள். ஒண்ணு. ரெண்டு. ஒரு தோளைத் தூக்கினால் பட்டம் மச்சானிடமே இருந்திருக்கும். அவர் தூக்கவில்லை. மூணு. பிறகு ஆணியிலிருந்த பெல்ட்டை எடுத்துப் புருஷன் இடுப்பில் கட்டி, அண்ணனுக்குக் கை கொடுத்தாள். மச்சான் எழுந்து நின்றார். மூன்று பேரும் வீட்டுக்குப் போன பிறகு, கிடங்குக்காரர் மேடை இருந்த இடத்தில் நாற்பது நாற்காலிகளை அடுக்கினார்.