சித்தி எழுதித் தரச் சம்மதித்த கடிதம்

கனடாவில் படித்த நிருபனின் நிரந்தர வதிவிட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் அவன் அக்கா அனோஜினி காலையில், கடிதங்கள் அடித்துக் கொடுக்கும் தன் கொமினிகேசன் கடையைத் திறந்து, போட்டோக்கொப்பி மெசினுக்குத் தாள் வைத்துக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. தம்பி அழவில்லை. அவன் பேசிய வேகம்தான் அவளைப் பயமுறுத்தியது.

"படிக்கேக்கை செய்த வேலையைக் கணக்கெடுக்க ஏலாதாம் அக்கா. மிச்ச வேலைநாள் போதாதாம். வேர்க் பெர்மிட்டும் முடியப் போகுது."

"இனி என்ன செய்யப் போறாய்?"

"இஞ்சை ஒராள் வழி சொல்லுறார். அகதிக் கேஸ் போடலாமாம். ஊரிலை என்னைத் தேடி வந்தவையெண்டு ஒரு சத்தியக் கடதாசி வேணும். றஞ்சனிச் சித்தி எழுதித் தரட்டும். சித்தப்பாவைக் கொண்டுபோனவை இப்ப என்னைத் தேடுகினம் எண்டு. சித்தி சொன்னால் நம்புவினம். இண்டைக்கே அனுப்பு."

அனோஜினி கடையைச் சாத்தினாள். எத்தனையோ பேருக்குச் சத்தியக் கடதாசி அடித்துக் கொடுத்தவள் அவள். எது மெய், எது பொய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சைக்கிளில் போகும்போது, சித்தி மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்றும், சொல்லிவிடக் கூடாதே என்றும் மனம் மாறி மாறி அடித்துக்கொண்டது.

றஞ்சனி வாசலில் குந்தியிருந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். போர்க்காலத்தில் ஆமிக்காரர் சித்தப்பாவைக் கொண்டுபோனபோது அவள் கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள்; அவர் திரும்பி வரவேயில்லை. பிள்ளைகள் இல்லாத அவளுடைய மடியில்தான் அனோஜினியும் நிருபனும் பாதி நாள் வளர்ந்தார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "எழுது பிள்ளை. அந்தாளாலை இவனுக்கெண்டாலும் ஒரு வழி பிறக்கட்டும்."

அனோஜினிக்கு மூச்சு வந்தது. போனை எடுத்துக் குறிக்கத் தொடங்கினாள்.

"எத்தினை பேர் வந்தவை எண்டு போடுறது, சித்தி?"

"நாலு பேர்." யோசிக்காமல் வந்தது பதில். "ஒருத்தன் படலையிலை நிண்டவன். ஒருத்தன் குசினிக்குள்ளை வந்து சட்டியைத் திறந்து பாத்தவன். இவர், சேட்டைப் போட்டுக்கொண்டு வாறன் எண்டு கேட்டவர். விடேல்லை. வெறும் மேலோடை..."

அனோஜினியின் விரல் நின்றது. இத்தனை வருடத்தில் சித்தி இதை யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை. றஞ்சனியின் விரலை நண்டு கௌவி இரத்தம் வழிந்தது. அவள் அதைப் பார்க்கவேயில்லை.

"தம்பியைத் தேடி வந்தவங்கள் எங்கடை சட்டியையும் திறந்து பாத்தவங்கள் எண்டு எழுது. அப்பதான் நம்புவங்கள்."

எழுதியதை அனோஜினி அழித்தாள். "வேண்டாம் சித்தி."

"ஏனடி? பிள்ளை அங்கை அந்தரிச்சுக்கொண்டு நிக்கிறான்."

"வேண்டாம்."

நண்டை விலக்கி, சித்தியின் விரலைத் தன் கைக்குட்டையால் கட்டிவிட்டு, படலைக்கு வெளியே போய்த் தம்பிக்குப் போன் எடுத்தாள்.

"நான் அந்தக் கடதாசி அடிக்க மாட்டன். சித்தி அந்த நாளைத் திரும்பவும் சொல்ல வேணும், பொய்யும் சேத்து. அவவிட்டை நான் அதைக் கேக்க மாட்டன்."

"உனக்கென்ன! பெட்டியோடை வந்து இறங்கினால் ஊரிலை நான் ஆரின்ரை முகத்திலை முழிக்கிறது?" என்று கத்திவிட்டு அவன் வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் போன் எடுக்கவில்லை. மெசேச் போய்ச் சேர்ந்தும் பார்க்காமல் கிடந்தது. அம்மா பிலோமினம்மா ஒவ்வொரு சாப்பாட்டு நேரமும் "கதைச்சவனே?" என்று கேட்டாள். கனடாவில் தனி அறையில் இருக்கும் அவன் என்ன செய்கிறானோ என்று நினைக்க அனோஜினிக்குச் சோறு இறங்கவில்லை. தம்பியை நானே தொலைத்துவிட்டேனோ என்ற நினைப்பே தேவாலயத்தில் முழந்தாளிட்டபோதும் ஓடியது.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வர, போன் அடித்தது.

"கேஸ் போடேல்லை," என்றான் நிருபன். "நான் வேலை செய்யிற ரெஸ்ரோறன்ற் முதலாளி முழுநேரமாச் சமைக்கச் சொல்லிட்டார். பெர்மிட் முடிய முதல் விண்ணப்பத்தைத் திரும்பப் போட்டுப் பாப்பன். வேலைநாள் காணுமோ தெரியாது. காணாட்டி ஊருக்கு வாறன்."

"வா."

"எனக்கு இப்பவும் உன்னிலை கோவம்தான்."

"இருக்கட்டும். போனை மட்டும் வைச்சிடாதை," என்றாள் அனோஜினி.