ஐந்துக்கு நான்கு

1993 ஜூன் மாதம். ரொறன்ரோவில், குயின் தெருவில் இருந்த ஒரு சின்ன அச்சகத்தில் ரதிக்கு வேலை. கலியாண அழைப்பிதழ், சாப்பாட்டுக் கடை மெனு, சங்கங்களின் செய்திமடல் என்று வருவதையெல்லாம் கணினியில் தட்டச்சு செய்து கொடுப்பாள். அந்த வியாழக்கிழமை அவள் மேசைக்கு வந்தது, துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றின் செய்திமடல்.

அமெரிக்க இராணுவம் எழுபது வருடமாக இடுப்பில் செருகியிருந்த பழைய நாற்பத்தைந்து ரகக் கைத்துப்பாக்கிக்கு ஒரு மலிவான நகல் கடைக்கு வந்திருந்தது. அசல் எண்ணூறு டொலர். நகல் முந்நூறுக்கும் கீழே. வாங்கியவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை எழுதி அனுப்பி, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றும் சொல்லும்படி கழகம் கேட்டிருந்தது. பதினொரு கடிதங்கள் வந்திருந்தன. பூச்சு ஒரு கோடைக்குள் உரிந்துவிட்டது என்றார் ஒருவர். அசலை அலுமாரியில் பூட்டிவிட்டு இதைத்தான் சுடுகிறேன் என்றார் இன்னொருவர். கைப்பிடிப் பலகை மட்டம், ஆனால் இரும்பு நல்ல இரும்பு என்றது மூன்றாவது கடிதம். ஊரில் துப்பாக்கி தூக்கிய துவக்குக்காரரைக் கண்டால் மதிலோரம் ஒதுங்கி நடந்தவள் ரதி. இங்கே அதன் பூச்சைப் பற்றித் தட்டச்சு செய்வது வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஒன்பதாவது கடிதம் கையால் எழுதியது.

"விலைக்கு அருமையான சாமான். நூற்றைம்பது குண்டு சுட்டுவிட்டேன், ஒருமுறையும் சிக்கவில்லை. கையில் பாரமாக நிற்கும். அது ஒரு தைரியம். ஒரேயொரு குறை. மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து விடும்போது, விசையைத் தொடாமலே சில வேளை வெடிக்கிறது. விக்டோரியா தினத்தன்று வீட்டில் அப்படி நடந்தது. குண்டு தரையைத் துளைத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குள் போய்விட்டது. வெளியே வாணவெடி கொளுத்திக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியாது. கீழே இருக்கும் குடும்பம் நல்ல காலம் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போயிருந்தது. அந்த இடத்தில்தான் அவர்களுடைய பிள்ளையின் கட்டில். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்துக்கு நான்கு. எஸ்., ரொறன்ரோ."

'றிச்மண்ட் ஹில்' என்ற சொல்லை அடித்து முடித்த பிறகுதான் ரதியின் விரல்கள் நின்றன.

மே மாதத்து விக்டோரியா தின விடுமுறையன்று அவர்கள் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போய், அப்படியே கணவன் நவரட்ணத்தின் சிநேகிதர் வீட்டிலும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தார்கள். மகள் நிலாணியின் கட்டிலில் சுண்ணாம்புத் தூள் கொட்டியிருந்தது. கூரையில் ஒரு டொலர் நாணயக் குத்தியளவு ஓட்டை. "பழைய வீடு, காரை உதிருது" என்று நவரட்ணம் ஓட்டைக்குள் கடதாசியைத் திணித்து ஒட்டுநாடா ஒட்டினான். படுக்கை விரிப்பிலும் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதை ரதியே ஊசி நூல் எடுத்துத் தைத்திருந்தாள்.

கடிதத்தை மறுபடி பார்த்தாள். மேலே எழுதியிருந்த தேதியில் ஏழு என்ற இலக்கத்துக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. அந்த ஏழு அவளுக்குத் தெரியும். கனடாவுக்கு வந்த புதிதில் அவர்களுடைய அகதி விண்ணப்பப் படிவங்களை நிரப்பித் தந்தவர் சீமோன் அண்ணை. பார்க்டேலில் அந்த மூன்று மாடிப் பழைய வீட்டின் நடுத்தட்டை வீட்டுக்காரனுடன் பேசி எடுத்துத் தந்தவரும் அவர்தான். அவர் மேல்தட்டில் தனியாக இருந்தார். மன்னார்ப் பக்கத்து மனிதர். வங்கிகளுக்குக் காசு ஏற்றும் இரும்பு வான் வண்டியில் காவலாள். காலை வேலை. இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்.

மணி மூன்று இருபது. மூன்று நாற்பதுக்கு நிலாணி பள்ளிக்கூடத்தால் வந்து, அந்தக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் செய்வாள்.

ரதி முதலாளியிடம் பிள்ளைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள். ஸ்ட்றீற்கார் இரண்டு நிறுத்தம் போய், பழுதான லொறி ஒன்றின் பின்னால் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் ஓடும் வண்டி விலகிப் போகாது. சாரதி மணியை அடித்துக்கொண்டேயிருந்தான். அவள் இறங்கி, மூலையில் இருந்த பொதுத் தொலைபேசியில் வீட்டுக்கு எடுத்தாள். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. தனியாக இருக்கும்போது ஃபோனை எடுக்கக் கூடாது என்று பிள்ளைக்குக் கட்டளை போட்டதே அவள்தான். காசு திரும்பி விழுந்த சத்தத்துக்கே அவளுடைய உடம்பு தூக்கிப் போட்டது. மிச்சத் தூரத்தை ஓடினாள்.

நிலாணி கட்டிலில்தான் கிடந்தாள். நேர் மேலே அந்த ஒட்டுநாடா.

"எழும்பு. எழும்பி வெளியில வா."

"Why, அம்மா? I'm not done."

"கதைக்காதை! வா எண்டா வா."

கீழ்த்தட்டில் ஒரு போலந்துக் கிழவி இருந்தாள். பிள்ளையை அவளிடம் விட்டுவிட்டு ரதி திரும்ப மேலே வந்தாள். கட்டிலின் அருகே முழங்காலில் நின்று, தான் தைத்த தையலைக் கண்டுபிடித்து, அதற்கு நேரே மெத்தையில் விரலைவிட்டாள். விரல் போகும் அளவுக்குத் துளை இருந்தது. கத்தரிக்கோலால் வெட்டிப் பஞ்சைப் பிய்த்தாள். கடைசியில் காளான் போல நசிந்த ஈயக்கட்டி ஒன்று கைக்கு வந்தது. தலையணையிலிருந்து ஒரு சாண் தூரம்.

அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றபோது மேலே தரைப்பலகை கிரீச்சிட்டது. மேலே நடந்த காலடிகளோடு அவளும் சுவரோடு சுவராக நகர்ந்தாள், அந்தக் கால்களுக்குக் கீழே நிற்காமல்.

போலீசுக்கு எடுக்கலாம். ஆனால் அவர்களுடைய அகதி விசாரணை இன்னும் முடியவில்லை. போலீஸ் என்றால் என்னென்ன பேப்பரில் ஏறுமோ. நவரட்ணமோ ஏழு மணிவரை உணவக வேலையில். அவள் ஈயக்கட்டியைக் கைக்குள் பொத்திக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். பாதிப் படியில் கால் நின்றது. கதவைத் தட்டி அந்த மனிதர் திடுக்கிட்டால்?

"சீமோன் அண்ணை! நான் ரதி. நான்தான் வாறன்."

ஏதோ பாரமான பொருளை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு சங்கிலி. கதவு திறந்தது. உள்ளே கதவோடு முட்டுக் கொடுத்திருந்த ஒரு மேசை பாதி விலகி நின்றது. சீமோன் அண்ணை பனியனோடு நின்றார். மூன்று நாள் தாடி.

"என்ன பிள்ளை, ஏதும் பிரச்சினையோ?"

அவள் கையை விரித்துக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார்.

"எங்கையிருந்து எடுத்தனீர்?"

"நிலாணின்ர மெத்தைக்குள்ளயிருந்து. உங்கட கடிதம் எங்கட அச்சகத்துக்குத்தான் அண்ணை வந்தது. நான்தான் ரைப் பண்ணினனான்."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். யன்னலோரம் சாப்பாட்டு மேசையில், பத்திரிகைத் தாளின்மேல், கறுப்பாக அது கிடந்தது.

"ஐஞ்சுக்கு நாலு போட்டிருக்கிறியள்" என்றாள் ரதி. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. "அந்த ஒண்டைக் குறைச்சது என்ர பிள்ளைக்காகவோ அண்ணை?"

சீமோன் அண்ணை நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். மார்ச் மாதம் ஒரு பிளாசாவில் இரண்டு பேர் அவரை மறித்து, துப்பாக்கிக் குழலை வாய்க்குள் வைத்துக் காசுப் பையைப் பறித்துக்கொண்டு போனார்களாம். ஒரு கிழமையில் திரும்ப வேலைக்கு வரச் சொன்னது கொம்பனி. வேலைத் துவக்கைக் கொம்பனியிலேயே வைத்துவிட்டு வரவேண்டும். அதனால் சொந்தமாக ஒன்று வாங்கினார். கழகத்தில் சுட மட்டும்தான் அனுமதி. ஆனால் குண்டு போட்டுப் பக்கத்தில் வைத்தால்தான் கண்ணை மூட முடிந்தது.

"அவங்கள் என்ர லைசென்ஸைப் பாத்தவங்கள் பிள்ளை. விலாசம் தெரியும். வருவாங்கள் எண்டு பயம்."

"எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே."

"சேர்ச்சில சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனனான். வாய் திறக்க வரேல்லை. ஆருக்காவது சொல்லோணும் போல கிடந்தது. அதுதான் எழுதினனான். உம்மட முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாமப் போச்சு."

"இப்பவும் உதுக்குள்ள குண்டு கிடக்குதோ?"

"ஓம். ஒண்டு குழலுக்குள்ள." அவர் எழுந்தார். "பொறும், இப்பவே கழட்டிவிடுறன்."

அவருடைய கை மேசைக்குப் போனது. உள்ளே இருக்கும் குண்டை எடுக்க மேல்பாகத்தை இழுக்க வேண்டும். இழுத்து விட்டால்தான் அது வெடிக்கும். கடிதத்தில் அவளே தட்டச்சு செய்த வரி அது.

"தொடாதேங்கோ!" ரதி கத்தினாள். "உங்கட கர்த்தராணை தொடாதேங்கோ அண்ணை!"

கை அந்தரத்தில் நின்றது. குழல் யன்னலைப் பார்த்தபடி கிடந்தது. யன்னலுக்கு அப்பால் தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். கீழே, இரண்டு தட்டுக்குக் கீழே, நிலாணி. இருவரும் அதைப் பார்த்தார்கள், நித்திரை கொள்ளும் நாயைப் பார்ப்பதுபோல.

"பின்னுக்கு வாங்கோ. மெல்ல. அப்பிடியே வெளியில போவம்."

கதவைப் பூட்டிவிட்டு இருவரும் படியிறங்கினார்கள். கிழவி வீட்டுத் தொலைபேசி வாசல் நடையில் இருந்தது.

"நீங்கள் எடுக்கிறியளோ, நான் எடுக்கட்டோ?"

"வேலை போயிடும் பிள்ளை."

"ஓம் அண்ணை."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு ரிசீவரை எடுத்து, நிதானமான ஆங்கிலத்தில் தன் பெயரையும் விலாசத்தையும் சொன்னார்.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். எல்லோரையும் தெருவின் மறுகரையில் நிற்கச் சொல்லிவிட்டு ஒருவன் மேலே போனான். ரதி நிலாணியின் காதுகளைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பொத்திக்கொண்டாள். சத்தம் ஏதும் வரவில்லை. பத்து நிமிடத்தில் அவன் ஒரு பையோடு வந்து, "கீழே குடியிருப்பது யார்?" என்று கேட்டான். "நான்" என்றாள். அவன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அகதிப் பேப்பர் எதையும் கேட்கவில்லை.

இரவு நவரட்ணம் கோபத்தில் சாப்பாட்டைத் தள்ளிவிட்டான். "அந்த மனிசன் இல்லையெண்டா நாங்கள் இண்டைக்கும் அகதி ஷெல்ரர்ல. உள்ளுக்குள்ள கதைச்சு முடிச்சிருக்கலாம்." அவள் ஈயக்கட்டி கிடந்த இடத்தை, மெத்தையின் கிழிசலை, அவனுக்குக் காட்டினாள். அவன் பார்த்தான். பிறகும் இரண்டு கிழமை அவளோடு சரியாகக் கதைக்கவில்லை.

அடுத்த நாள் ரதி மிச்சக் கடிதங்களை அடித்து முடித்தாள். ஒன்பதாவதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. நடுவில் இருந்த குறையை மட்டும் தூக்கி முதல் வரியாக வைத்தாள். அப்படியே அச்சானது. ஓகஸ்ட் இதழுக்கு இன்னும் இரண்டு பேர் தங்களுடையதும் அப்படி வெடித்தது என்று எழுதியிருந்தார்கள். ஒருவருக்குப் பெருவிரலில் காயம். நகல்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று கழகம் பெரிய எழுத்தில் போட்டது.

சீமோன் அண்ணை நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். குற்றப்பணமும் பத்து வருடத் துவக்குத் தடையும் கிடைத்தன. சொன்னபடியே வேலை போனது. ரெக்ஸ்டேலில் தமக்கை வீட்டோடு போய் இருந்தார். போகும் நாளில் நிலாணிக்கு ஒரு புது மெத்தை வாங்கி வந்து படியடியில் வைத்துவிட்டு, மேலே ஏறாமல் போய்விட்டார். நவரட்ணம் அதைத் தூக்கி வந்தான்.

மேல்தட்டுக்கு ஒரு மாணவன் வந்தான். அவன் புத்தகம் ஒன்றைத் தரையில் போட்டாலும் ரதி பிள்ளையிடம் ஓடினாள். ஐப்பசியில் ஜேம்சன் அவெனியூவில் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் வீடு பார்க்கப் போனார்கள். வாடகை கூட, குசினி சிறிது, கரப்பான் ஓடியது. பராமரிப்பாளன் ஹீற்றர், பல்கனி எல்லாம் காட்டிவிட்டு, வேறு ஏதும் கேட்க இருக்கிறதா என்றான்.

ரதி கூரையைக் காட்டிக் கேட்டாள். "உது என்னத்தால கட்டினது எண்டு கேளுங்கோ."

நவரட்ணம் அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு கேட்டான்.

"கொங்கிறீட்" என்றான் பராமரிப்பாளன். "எட்டு அங்குலம்."

"இதையே எடுப்பம்" என்றாள் ரதி.