தேனீக்களுக்குச் சொல்லாத சேதி

மிஸ் ஹெஸ்டர் ஆர்க்கெல் உயிரோடு இருந்தபோது எழுதிய நாவல்கள் மூன்று. இறந்த பிறகு எழுதியவை நான்கு. பின்னால் எழுதியவைதான் நன்றாக இருக்கின்றன என்பது எங்கள் நெதர்கூம் ஊரின் பொதுவான கருத்து. முதல் மூன்றிலும் கதாநாயகிகளுக்குக் கொஞ்சம் பயம் இருக்கும். பிறகு வந்தவர்களில் ஒருத்திக்கும் அது இல்லை. ஆறு வேட்டைக் குதிரைகள் வைத்திருப்பவன் மண்டியிட்டுக் கல்யாணத்துக்குக் கேட்டாலும், எழுந்திருக்கச் சொல்லிவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவப் போய்விடுவாள்.

எல்லாம் தங்கை லெட்டிஸ் செய்த ஒரு தவறால் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், யாராவது வீட்டுச் சாவியோடு தோட்டத்துக்குப் போய், தேனீ வளர்க்கும் கூடை ஒவ்வொன்றையும் அந்தச் சாவியால் மூன்று முறை தட்டி, இன்னார் போய்விட்டார் என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தேனீக்கள் கோபித்துக்கொண்டு பறந்து போய்விடும். 1819 மே மாதம் ஹெஸ்டர் காய்ச்சலில் இறந்தார்; வயது நாற்பத்திரண்டு. ஆண்கள் சவப்பெட்டியோடு தேவாலயத்துக்குப் போனார்கள். கௌரவமான வீட்டுப் பெண்கள் அப்போதெல்லாம் அடக்கத்துக்குப் போவதில்லை. லெட்டிஸ் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கூடையைத் தட்டினாள். முப்பது வருஷம் அக்காவோடு ஒரே அறையில் படுத்தவள். அக்காவின் கிறுக்கலைப் பார்த்துப் பிரதி எடுப்பதைத் தவிர அவளுக்கு வேறு வாழ்க்கையே இல்லை. “அக்கா மாடியில எழுதிட்டிருக்கா, சத்தம் போடாதீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

தேனீக்கள் நம்பிவிட்டன. மறுநாள் காலை, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில், மாடியில் இறகுப் பேனா கீறும் சத்தம் கேட்டது. லெட்டிஸ் ஏறிப் போனாள். அறையில் ஆள் இல்லை. மேசைமேல் ஒரு பக்கம் அக்காவின் கையெழுத்தில், மை காயாமல் கிடந்தது. துக்கம் விசாரிக்க வந்த பாதிரியாரின் மனைவி மிஸஸ் டிரெட்கோல்ட் காதைத் தீட்டிக்கொண்டார்.

“ஏம்மா லெட்டிஸ், மேல யாரு?”

“அக்காதான்.”

“புதைச்சாச்சேம்மா!”

“அதுக்கு என்ன பண்ண? அத்தியாயம் இன்னும் முடியலையே.”

“அப்படின்னா சரி. என் மூக்கைப் பத்தி மட்டும் எழுத வேணாம்னு சொல்லி வை.”

ஐந்தாவது நாவலில் அந்த மூக்கு வந்தது.

அந்த வருஷங்களை நினைத்தால் இன்றும் எங்களுக்கு ஏக்கமாக இருக்கிறது. புகைவண்டி இன்னும் வரவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் வெட்டிய புல்லின் வாசனை உள்ளே வரும், பேனாச் சத்தம் வெளியே போகும். பால் வண்டிக்காரன் ஆர்க்கெல் வீட்டைத் தாண்டும்போது தொப்பியைக் கழற்றுவான். ஒரே கோடையில் எங்கள் ஊர்ப் பெண்கள் நாலு பேர் பிடிக்காத மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாக்கள் ஹெஸ்டரைத் திட்டினார்கள், பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அவரையே படித்தார்கள்.

ஏழாவது நாவலில்தான் சிக்கல். நடன விருந்தில் பெண்கள் ஆடாமல் நாற்காலி கேட்டார்கள். காதல் கடிதம் வந்தவள், நாளைக்குப் படிக்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு அத்தியாயம் முழுக்க ஒரு குடும்பமே கொட்டாவி விட்டது. பிரதி எடுக்கும்போது லெட்டிஸ் முதலில் சிரித்தாள். ஒருநாள், பக்கத்தின் நடுவில், கதாநாயகி தன் தங்கையைப் பார்த்து, “கொஞ்சம் படுத்துக்கட்டுமாடி?” என்று கேட்டாள். அந்த நாவலில் அதுவரை தங்கை என்று யாரும் இல்லை.

லெட்டிஸ் மூன்று வாரம் அந்தப் பக்கத்தைத் தொடவில்லை. தேனீக்களிடம் உண்மையைச் சொன்னால் வீட்டில் அந்தப் பேனாச் சத்தம் இருக்காது. சொல்லாவிட்டால் அக்காவுக்குத் தூக்கம் கிடையாது. அறுபது வயதில் தனியாகிவிட அவளுக்குப் பயமாக இருந்தது. தினமும் காலையில் அதே கேள்வி மட்டும் புதுப் பக்கத்தில் எழுதியிருந்தது. செப்டம்பரில் ஒருநாள் சாவியோடு தோட்டத்துக்குப் போனாள்.

“அக்கா போயிட்டா. போயி இருபத்தோரு வருஷம் ஆச்சு. நான்தான் பொய் சொன்னேன், மன்னிச்சிருங்க. பாவம், அவ தூங்கட்டும்.”

துக்கத்துக்கு அடையாளமாகக் கூடைகளுக்குக் கறுப்பு நாடா கட்டினாள். ஒரு ஜெபம் சொல்லி முடிக்கும் நேரம் தேனீக்கள் சத்தமில்லாமல் இருந்தன. ஒன்றுகூடப் பறந்து போகவில்லை. மாடியில் பேனா நின்றது. லெட்டிஸ் ஏறிப் போய்ப் பார்த்தபோது கட்டிலில் தலையணை அமுங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தாள், சூடாக இருந்தது. கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டு, கீழே வந்து சமையலறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மீதி இருந்த பதினோரு வருஷமும் அந்த வீட்டில் செருப்புப் போடாமல்தான் நடந்தாள்.

இப்போது அந்த வீட்டை ஊர்க் கமிட்டி பார்த்துக்கொள்கிறது. ஒசாகாவிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். பக்கம் கிழிந்த புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே மாடிப்படியில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். சிலர் அந்தக் கட்டிலருகே நின்று, தாங்கள் யாரை வேண்டாம் என்று சொன்னோம் என்பதை மெல்லச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வீட்டைக் கவனித்துக்கொள்ளும் மிஸஸ் பில்பீம் தினமும் காலையில் தலையணையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரையைப் பாதி இழுத்து விடுவார். “நேத்து கொஞ்சம் புரண்டு படுத்திருக்காங்க, குளிருது போல” என்று போன வாரம் கமிட்டிக் கூட்டத்தில் சொன்னார். இன்னொரு கம்பளி வாங்குவதென்று முடிவு செய்து, அடுத்த விஷயமாகச் சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேசினோம்.