ஆச்சு, கிளம்பு

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். பழுது பார்க்க வந்த எந்தப் பொருளுக்கும் உயிர் வந்துவிட்டால் அதன் தலையில் இரண்டு தட்டு தட்டி, "ஆச்சு, கிளம்பு" என்பார். மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, தையல் இயந்திரம், எதுவானாலும் அதே இரண்டு தட்டு, அதே இரண்டு வார்த்தை. கல்யாணமான புதிதில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. அப்புறம் காதிலேயே விழாமல் போய்விட்டது. அந்த வார்த்தையால் எங்கள் பெண்ணையே இழக்கப் பார்ப்போம் என்று நான் ஜோசியமா கண்டேன்?

வீட்டின் முன்னறைதான் கடை. எல்லோரும் அவரை மெக்கானிக் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கடைக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கத்து அலமாரியில் ஓடாதவை இருக்கும். வலது பக்கத்தில் ஓடுகிறவை. ஒரு பொருள் வலது பக்கத்துக்குப் போய்விட்டால் சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஊரார் வீட்டு மிக்ஸியெல்லாம் இப்படி இடதிலிருந்து வலதுக்குப் போய்ப் பறந்துவிடும். என்னுடைய மிக்ஸி மட்டும் சமையலறை மூலையில் வருஷக்கணக்காக வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. கேட்டால், "நாளைக்குப் பாக்கறேன்" என்பார்.

பின்பக்கம் ஒரு சின்ன அறை. எங்களுக்குப் பிறக்கப் போகிற குழந்தைக்கென்று வண்ணம் அடித்து, பிறக்காமல் போனதால் துணி காயப்போட மட்டும் உதவிய அறை. அதில்தான் பட்டாணி வந்து சேர்ந்தாள்.

வந்தபோது அவளுக்கு ஏழு வயது. அம்மா இறந்துவிட்டாள், அப்பா யாரென்றே தெரியாது, வைத்துக்கொள்ள உறவென்று யாருமில்லை. குழந்தைகள் நல அலுவலகத்து மேடம்தான் கூட்டி வந்தார். கொஞ்ச காலம் வளர்த்துக் கொடுக்கச் சம்மதித்த குடும்பங்களில் நாங்களும் ஒன்று. முதல் வாரம் முழுக்கத் தட்டில் எது வைத்தாலும் பட்டாணியை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றாள். பெயர் அப்படித்தான் வந்தது. கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டாள். யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், எழுந்து நின்றுகொள்வாள்.

எங்களுக்கு முன்னால் மூன்று வீடுகளில் இருந்திருக்கிறாள். யாரும் அவளைக் கொடுமை செய்யவில்லை. முதல் வீடு அவசரத்துக்குக் கிடைத்தது. உடம்பு தேறியதும் இன்னொரு வீடு. அங்கே பள்ளிக்கூடம் போகப் பழகினாள். அதற்குள் அந்த இடம் ஒரு கைக்குழந்தைக்குத் தேவைப்பட்டது. மூன்றாவது வீட்டில் அந்த அம்மாவுக்கே உடம்பு சரியில்லாமல் போனது. ஒவ்வொரு தடவையும் மேடம் வந்து, "நல்லா தேறிட்டா" என்று தலையைக் கோதிச் சொல்லிவிட்டு, அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். இதையெல்லாம் மேடமே எங்களிடம் சொன்னார். கேட்டுக்கொண்டோம். கேட்டதைக் கோத்துப் பார்க்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

"எதையும் தோண்டித் துருவிக் கேக்காதீங்க. இன்னைக்கு இருந்த மாதிரியே நாளைக்கும் இருந்தா போதும், அவளுக்கு அதுதான் மருந்து" என்றார் மேடம். எனக்கோ மூக்கின் மேல் கோபம். ஆனாலும் இருந்து காட்டினேன். அதே தட்டு, அதே டம்ளர், அதே நேரத்தில் விளக்கை அணைப்பது. பள்ளி விடும்போது வாசலில் அதே மரத்தடியில் நான். மழை கொட்டிய நாளிலும் மரம் மாறவில்லை, நான்தான் தொப்பலாக நனைந்தேன். அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மெல்ல மெல்ல முட்டை சாப்பிட்டாள், ரொட்டி சாப்பிட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து எங்களை மாமா, அத்தை என்றாள். கடையில் வலது பக்க அலமாரியை ஒட்டி ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சரியாகி வந்த ரேடியோக்களில் பாட்டுக் கேட்பாள். எங்களுக்கு ஆசை முளைத்துவிட்டது. தத்தெடுத்துக்கொள்கிறோம் என்று மேடத்திடம் சொன்னோம். "நான் சிபாரிசு எழுதணும், மேல முடிவு பண்ணணும். அதுவரைக்கும் அவகிட்ட மூச்சு விடாதீங்க. ஆசை காட்டிட்டு நடக்கலேன்னா தாங்க மாட்டா" என்றார். அதுவும் நியாயம்தான். வாயைக் கட்டிக்கொண்டோம்.

பிறகு அந்த நாள் வந்தது. பட்டாணிக்குப் படிப்பதென்றால் எழுத்துக்கு எழுத்து தட்டும். பாதியில் புத்தகத்தை மூடிவிடுவாள். அன்றைக்குக் கடையில் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுவதையும் தட்டாமல், தயங்காமல், உரக்கப் படித்து முடித்தாள். மெக்கானிக்கின் கால் தரையில் பாவவில்லை. கையிலிருந்த திருப்புளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவள் தலையில் இரண்டு தட்டு தட்டி, "ஆச்சு, கிளம்பு!" என்றார். நான் சமையலறை வாசலில் நின்று கைதட்டினேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கியது, நான் உள்ளே ஓடிவிட்டேன்.

மறுநாள் காலையில் படுக்கை நனைந்திருந்தது. பள்ளியில் ஓர் எழுத்தைக்கூடப் படிக்கவில்லை என்று டீச்சர் சொன்னாள். முட்டை வேண்டாம், ரொட்டி வேண்டாம், தட்டு தரையில். மறுபடியும் பட்டாணி மட்டும். முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் இடது பக்கத்து அலமாரிக்குக் கீழே, ஓடாத விசிறிகளுக்கும் வெந்துபோன மோட்டார்களுக்கும் நடுவில் போட்டுக்கொண்டாள். வெளிச்சத்துக்காக என்று நினைத்தேன். அந்தப் பக்கத்தில் வெளிச்சமே கிடையாது என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

நான் பொறுமையின் சிகரமொன்றும் இல்லை. மூன்றாவது தடவை தட்டு பறந்தபோது கத்திவிட்டேன். அவள் அழவில்லை. நிம்மதியானவள் போல என்னைப் பார்த்தாள்.

மேடம் வந்தார், பார்த்தார், பேனாவை மூடினார். "தப்பா நினைக்காதீங்க. கடைச் சத்தம், ஆளுங்க வர்றது போறது... இவளுக்கு ஒத்துக்கலையோ என்னமோ. வேற பிள்ளைங்க இருக்கற வீடு ஒண்ணுல இடம் காலியா இருக்கு. அடுத்த தடவை வரும்போது முடிவு பண்ணிடலாம்" என்றார். நல்ல மனுஷிதான். அதனால்தான் எனக்கு அவரோடு சண்டைகூடப் போட முடியவில்லை. அவர் போன பிறகு மெக்கானிக் ஏற்கெனவே சரியாக ஓடிய விசிறி ஒன்றைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். நான் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினேன்.

அந்த வாரத்திலேயே டாக்சிக்காரர் ஒருவர் தன் ரேடியோவை வாங்க வந்தார். காலையில் கணீரென்று பாடியது, இப்போது மூச்சுப் பேச்சில்லை. மெக்கானிக் பின்மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு ஒயரை யாரோ பக்குவமாகப் பிடுங்கி வைத்திருந்தார்கள்.

"யாரு இதுல கைய வெச்சது?" என்று நான் குரலை உயர்த்தினேன்.

"நான்தான்." இடது பக்கத்து அலமாரிக்கு அடியிலிருந்து வந்தது குரல். பல நாளைக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

"ஏன்டி, நல்லா பாடிட்டிருந்ததை ஏன்டி கெடுத்த?"

"சரியாயிட்டா போயிடும்ல."

டாக்சிக்காரர் என் முகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல, நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே போனார். அவர் நன்றாக இருக்கட்டும்.

மெக்கானிக் அவள் பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்தார். "அந்த ரேடியோ உனக்குப் பிடிக்குமா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "என்னையும் தட்டினீங்க மாமா. ரெண்டு தட்டு. ஆச்சு கிளம்புன்னு சொன்னீங்க."

தட்டு பறந்தது, படுக்கை நனைந்தது, எழுத்து மறந்தது எல்லாம் ஒரே இழுப்பில் புரிந்துபோயிற்று. நல்லபடியாக ஆன ஒவ்வொரு தடவையும் இந்தப் பெண்ணை ஒரு வீட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். இங்கே வந்து பார்த்தால், ஊரிலேயே அதையே தொழிலாக வைத்திருக்கிற வீடு! இருக்க வேண்டுமென்றால் பழுதாக இருக்க வேண்டும். அவளால் முடிந்த மட்டும் பழுதாகிக் காட்டியிருக்கிறாள், பாவம்.

மெக்கானிக்கின் முகம் சுண்டிப் போயிருந்தது. எழுந்து அவள் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போனார். ஃபிரிட்ஜுக்கு முன்னால் நிறுத்தினார்.

"இது யாரோ வேணாம்னு தெருவுல போட்டது. நான்தான் தூக்கிட்டு வந்து சரி பண்ணேன். ஓடுதா பாரு."

அவள் காதை வைத்துப் பார்த்தாள். "ஓடுது."

"போச்சா?"

"இல்ல."

துணி துவைக்கும் இயந்திரம், சுவர்க் கடிகாரம், படுக்கையறை விசிறி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். எல்லாமே ஓடின. எதுவுமே போகவில்லை. கடைசியில் அவளே கேட்டாள்: "இதெல்லாம் ஏன் போகல?"

"இதெல்லாம் நம்ம வீட்டுது. நம்ம வீட்டுது சரியானாலும் இங்கதான் இருக்கும்."

"கெட்டுப் போச்சுன்னா?"

நான் சமையலறை மூலையிலிருந்த மிக்ஸியைக் காட்டினேன். "அதோ கெடக்குது பாரு, என் மிக்ஸி. எவ்வளவு நாளா கெஞ்சறேன், உங்க மாமா அதைத் தொட்டாரா? தூக்கித்தான் போட்டாரா? கெட்டுப் போனாலும் நம்ம வீட்டுதுன்னா நம்ம வீட்டுதுதான்."

அவள் மிக்ஸியை வெகுநேரம் பார்த்தாள். "பாவம் அத்தை நீங்க" என்றாள். மெக்கானிக் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. மேடத்தின் பேச்சை மீறி அப்போதே அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளைத் தத்தெடுத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறோம் என்று, முடிவு எங்கள் கையில் மட்டும் இல்லை என்று, யார் எதைச் சொன்னாலும் கேட்பதை நிறுத்த மாட்டோம் என்று. "நீ வேணும்டி எங்களுக்கு. அவ்வளவுதான்" என்றேன். இதைவிட நயமாகச் சொல்ல எனக்கு வராது.

விடிந்ததும் மேடத்துக்குப் போன் செய்து நடந்ததை ஒன்றுவிடாமல் கொட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் வந்து பாக்கறேன்" என்றார்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. பட்டாணி கொஞ்சம் கொஞ்சமாகச் சோதித்துப் பார்த்தாள். ஒரு முட்டையைத் தின்றுவிட்டு வாசலைப் பார்ப்பாள். ஒரு வரியைப் படித்துவிட்டு மெக்கானிக்கின் கையைப் பார்ப்பாள். அவர் பாவம், கையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொள்வார். கடையில் எந்தப் பொருளையும் தட்டுவதை விட்டுவிட்டார். ஒரு வாடிக்கையாளர், "என்ன மெக்கானிக், தட்டாம குடுக்கறீங்க, ஓடுமா?" என்றுகூடக் கேட்டார். முக்காலி இடது பக்கத்திலிருந்து மேசையருகே நகர்ந்து வந்தது.

மேடம் வந்த அன்று நான் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. எதுவும் பொங்கித் தொலைக்கக் கூடாதே. பட்டாணி புத்தகத்தைப் பிரித்தாள். வாசலைப் பார்த்தாள். படிக்காவிட்டால் அந்த இன்னொரு வீடு. படித்துவிட்டாலோ, இதுவரை அவளுக்கு நடந்ததெல்லாம் நடக்கலாம். மெக்கானிக் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார். அவள் அந்தக் கோலத்தைப் பார்த்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடியது. படிக்க ஆரம்பித்தாள். ஒரு பக்கம் முடிந்தது, திருப்பினாள், அடுத்த பக்கமும் முடிந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து அவள் தலையைக் கோதி, வாய்ப் பழக்கத்தில், "நல்லா தேறிட்டா" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் உறைத்தது, வாயைப் பொத்திக்கொண்டார்.

பட்டாணியின் கை புத்தகத்தின் மேல் அப்படியே நின்றது. மெக்கானிக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"இல்லடா கண்ணு" என்றார் மேடம், அவசர அவசரமாக. "நீ இங்கயே இருக்கணும்னுதான் நான் எழுதப் போறேன். இந்தத் தடவை நான் மட்டும்தான் போறேன்."

பட்டாணி முக்காலியிலிருந்து இறங்கினாள். மேசைமேல் இருந்த மேடத்தின் கைப்பையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தாள். பிறகு அந்தப் பையின் தலையில் இரண்டு தட்டு தட்டினாள்.

"ஆச்சு" என்றாள். "கிளம்புங்க."